ஒரு கீர்த்தனை, இரு மெட்டுகள்



சென்ற ஞாயிறு ஆராதனையில் பழைய கீர்த்தனை ஒன்றைப் பாடுகையில், முதியோர் ஒரு மெட்டிலும் பாடகர் குழுவினர் வேறொரு மெட்டிலும் பாடினீர்கள். பின்பு, "ஐயா, எது சரியான இராகம்?" என்று இரு சாராரும் என்னிடம் கேட்டீர்கள். அதற்கு விடை தேடுமுன், நம் ஊர் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பாருங்கள்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். இறைவன்மேல் காதல் கொண்ட தலைவி, குறி சொல்லும் சிங்கி, பறவை பிடிக்கும் சிங்கன் ஆகியோர் அதில் பாடியும் ஆடியும் வருகின்றனர். 1774இல் நெல்லைச் சீமையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், 1800ஐ ஒட்டி அதே குறவஞ்சி வடிவில் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். அங்கே தலைவி திருச்சபை. தலைவர் பெத்லகேம் நாதராகிய இயேசு. மக்கள் அறிந்திருந்த பாட்டு வடிவமே நற்செய்திக்குப் பாத்திரமாயிற்று.

1853இல் எட்வர்ட் வெப் என்னும் அமெரிக்க மிஷனரி, சாஸ்திரியாரின் பாடல்கள் பலவற்றைச் சேர்த்து ஆராதனைக்கான பாடல் நூலொன்றை வெளியிட்டார். இத்தகைய நூல்களில் பாடலின் தலைப்பில் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கும், மெட்டு இராது. ஆகவே மெட்டு செவிவழியே பயணம் செய்தது. உபதேசியார் தாம் கேட்டதைச் சபைக்குக் கற்பித்தார். தாய்மார் அதை வீட்டு ஜெபத்தில் பாடினர். ஆர்மோனியம் வந்தபோது கமகங்கள் சில மறைந்தன. இப்படியே ஊருக்கு ஊர் மெட்டு வேறாயிற்று. இதில் யாரும் பிழை செய்யவில்லை. பெற்றதை அன்போடு காத்தார்கள்.

திருமறையிலும் இதைக் காணலாம். 14ஆம் சங்கீதத்தையும் 53ஆம் சங்கீதத்தையும் அருகருகே வைத்து வாசியுங்கள். ஏறக்குறைய ஒரே பாட்டு; முன்னதில் கர்த்தர் என வரும் சில இடங்களில் பின்னதில் தேவன் என வருகிறது; தலைப்புக் குறிப்பும் வேறுபடுகிறது. சங்கீதப் புத்தகத்தைத் தொகுத்தவர்கள் ஒன்றை வைத்து மற்றதை நீக்கிவிடவில்லை. இரண்டையும் பாதுகாத்தார்கள்.

ஆனால் இது ஒழுங்கின்மைக்கு அனுமதி அன்று. சபை கூடிவருகையில் யாவும் ஒழுங்காய் நடக்கவேண்டும் என்பதே பவுலின் போதனை. ஒரே வேளையில் இரு மெட்டு பாடினால் அது துதியாகாது, போட்டியாகும்.

இளையோரே, இவ்வாரம் உங்கள் பாட்டியின் அருகே அமர்ந்து அவர்கள் மெட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். எழுதப்படாத மெட்டு, அதைப் பாடுபவரோடு மறைந்துவிடும். முதியோரே, பிள்ளைகளின் மெட்டையும் பொறுமையோடு கேளுங்கள். அவர்கள் வாயடைத்தால் பாட்டே மறைந்துவிடும். வரும் ஞாயிறு அதே கீர்த்தனையை இரு முறை பாடுவோம்: முதலில் பெரியோர் மெட்டில், பின்பு இளையோர் மெட்டில், இரு முறையும் சபையார் அனைவரும் சேர்ந்து.

ஐந்தருவியில் ஐந்தாய் விழுவது ஒரே ஓடையின் நீரே. நம் துதியும் அவ்வாறே ஒரே கர்த்தருக்கு உரியதாகட்டும். ஆமென்.