தபோர் மலையின் ஒளி

இயேசு பெருமான் தம் சீடர் மூவரை ஒரு மலைக்கு அழைத்துச் சென்றார் என்றும், அங்கே அவர் முகமும் ஆடையும் பேரொளி வீசின என்றும் நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. மலையின் பெயரை அந்நூல்கள் குறிக்கவில்லை. தபோர் என்பது திருச்சபையின் பழைய மரபு. அம்மூவர் கண்டது எத்தகைய ஒளி? இவ்வொரு வினாவினால் 14ஆம் நூற்றாண்டிலே பைசாந்தியப் பேரரசு கலங்கியது.

கிரேக்க நாட்டின் வடபால், கடலுக்குள் நீண்டு கிடக்கும் அதோஸ் மலை துறவியரின் உறைவிடம். அவருட் சிலர் தலை கவிழ்ந்தமர்ந்து, மூச்சை அடக்கி, இயேசுவின் திருநாமத்தை இடையறாது செபித்து வந்தனர். இங்ஙனம் மனம் அடங்கிய நிலையில், தபோரில் வீசிய அதே ஒளியைத் தாமும் காண்பதாக அவர்கள் கூறினர். பிராணாயாமத்தை அறிந்தோர்க்கு இம்முறை புதுமையாகத் தோன்றாது. ஆயின் இத்துறவியர் மூச்சைத் துணையாகக் கொண்டனரேயன்றி, ஒளியை இறைவனின் அருட்கொடை என்றே கொண்டனர்.

இதனை எள்ளி நகையாடியவர் பர்லாம். தென் இத்தாலியிலுள்ள கலாபிரியாவிலே பிறந்து, கொன்ஸ்தாந்திநோப்பிளில் பெரும் புகழ் பெற்ற அறிஞர் அவர். ஆன்மாவைக் கொப்பூழிலே தேடுவோர் என்று துறவியர்க்கு அவர் பட்டஞ் சூட்டினார். ஏளனத்தை நீக்கிப் பார்த்தால் அவர் எழுப்பிய வினா எளிதன்று. கடவுள் எவராலும் காணவொண்ணாதவர். ஆதலால் கண்ணுக்குத் தெரியும் ஒளி யாதாயினும் அது படைக்கப்பட்ட பொருளே. அதனைக் கடவுள் எனக் கொள்வது படைப்பை வணங்குவதாகாதோ? இக்கூற்று வென்றிருப்பின் அதோஸ் துறவியரின் வாழ்நாள் தவம் முழுவதும் வெறும் மயக்கமாய் முடிந்திருக்கும்.

அவர்களுக்காக வாதாடியவர் அம்மலைத் துறவியாகிய கிரகோரி பலமாஸ். 1338 முதல் 1341 வரை அவர் எழுதிய மறுப்பு நூல்கள் 'மும்மைகள்' எனப் பெயர் பெறும். கடவுளின் உள்ளியல்பு எவர்க்கும் எட்டாதது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் கடவுளின் செயலாற்றல் அவரிடமிருந்து பிரிக்கவியலாதது, அதுவும் படைக்கப்படாதது, அதனை மனிதர் உண்மையாகவே பெறலாம் என்றார். ஞாயிற்றை அணுக முடியாதவரும் அதன் கதிரில் குளிர்காய்வதில்லையா? மலைமீது மாறியது கிறிஸ்துவன்று, சீடரின் பார்வையே என்பதும் அவர் கருத்து. என்றும் அவரிடம் இருந்த ஒளியைக் காணும் ஆற்றல் அன்று அவர்தம் கண்களுக்கு அருளப்பட்டது. உடலை இழிந்ததென ஒதுக்காது அதற்கும் அருளிற் பங்குண்டு என்ற இவ்விடமே அவர் வாதத்தின் உயிர்நிலை எனலாம்.

1341 ஜூன் 10ஆந் தேதி, ஹாகியா சோபியா ஆலயத்திலே மூன்றாம் அந்திரோனிக்கஸ் பேரரசர் தலைமையில் திருச்சங்கம் கூடியது. பர்லாம் தோற்றார். அவர் இத்தாலி திரும்பி, 1342இல் ஜெராசே நகரின் ஆயரானார். கவிஞர் பெத்ரார்க்குக்குக் கிரேக்கம் கற்பித்தவரும் அவரே.

வழக்கு அத்துடன் முடியவில்லை. சங்கம் முடிந்த ஐந்தாம் நாள் பேரரசர் இறந்தார். அவர் மகன் சிறுவன். உள்நாட்டுப் போர் மூண்டது. இறையியல் அரசியலோடு பின்னிக்கொண்டது. முதுபெருந்தந்தை யோவான் கலேக்காஸ் பலமாஸைச் சிறைப்படுத்தி, 1344இல் திருச்சபையினின்றும் விலக்கினார். 1347இல் கந்தக்குசேனோஸ் வென்று தலைநகர் புகுந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. கலேக்காஸ் பதவியிழந்தார், பலமாஸ் தெசலோனிக்கேயாவின் பேராயரானார். அந்நகரைக் கைப்பற்றியிருந்த கிளர்ச்சிக்காரரோ 1350 வரை அவரை உள்ளே விடவில்லை. 1351இல் கூடிய மற்றொரு சங்கம் அவர் கொள்கையை உறுதிசெய்தது. 1368இல் கிழக்குத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. இலத்தீன் இறையியலாரோ, கடவுளின் இயல்பையும் செயலையும் அங்ஙனம் பிரித்துப் பேசுதல் தகாதென நெடுங்காலம் வாதிட்டனர்.

கந்தக்குசேனோஸ் 1354இல் அரியணை துறந்து துறவியானார். அவருடைய இறையியல் நூல்கள் அடங்கிய ஏடு ஒன்று பாரிசு தேசிய நூலகத்தில் உள்ளது. அதிலுள்ள தபோர் ஓவியத்தில், வெண்ணிற ஆடையுடன் கிறிஸ்து உச்சியில் நிற்கின்றார். அவ்வொளியைத் தாங்கமாட்டாது சீடர் மூவரும் மலைச்சரிவிலே வீழ்ந்து கிடக்கின்றனர்.