இலக்கமும் பரப்பும்: அமெரிக்க, மெற்றிக் மின்வட அளவுகள் - ஒரு வரலாற்று நோக்கு

அளவைகளின் வரலாறு மன்னரின் ஆணைகளோடும் வணிகரின் தராசுகளோடும் முடிந்துவிடுவதன்று. தொழிலாளரின் பட்டறைகளிலும் அது எழுதப்பட்டுள்ளது. இதற்குத் தக்கதொரு சான்று மின்கம்பியின் அளவாகும். ஐக்கிய அமெரிக்காவின் வீடுகளிற் பெருவழக்காயுள்ள 12ஆம் இலக்கச் செப்புக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 3.31 சதுர மில்லிமீற்றர். மெற்றிக் நியமத்திலோ 2.5 உண்டு, 4 உண்டு, இடையில் யாதுமில்லை. ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாறுவது வெறும் பெருக்கற் கணக்காயின் இவ்விடர்ப்பாடு தோன்றியிராது. இரு வேறு வரலாறுகளின் விளைவுகளைப் பொருத்த முற்படுவதாலேயே அது தோன்றுகின்றது.

பட்டறையிற் பிறந்த இலக்கம்

கம்பி செய்யப்படும் முறையை முதலில் நோக்குதல் வேண்டும். உலோகக் கோலைக் கடினமான உருக்குத் தகட்டிலுள்ள துளையொன்றினூடாக இழுத்து, பின்னர் அதனிலும் சிறிய துளையினூடாக இழுத்து, இவ்வாறு படிப்படியாகக் கம்பி மெலிவிக்கப்படும். கம்பியின் இலக்கம் இவ்விழுப்பின் வரிசையைத் தழுவி எழுந்ததாகும். கம்பி மெலிய மெலிய இலக்கம் உயர்வதன் காரணமும் இதுவே. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வழங்கிய பேமிங்ஹாம் கம்பி அளவில், ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒழுங்கான விகிதம் காணப்படவில்லை. அட்டவணைகளும் தம்முள் முரண்பட்டன. ஒரே இலக்கத்தைக் கூறி வாங்கிய இரு கம்பிகள் தடிப்பில் ஒவ்வாதிருத்தல் இயல்பாயிற்று.

அமெரிக்காவில் இக்குழப்பத்துக்கு முடிவுகாண முயன்றோர், றோட் ஐலண்ட் மாநிலத்துப் பிறொவிடன்ஸ் நகரின் பிறவுண் - சார்ப் நிறுவனத்தாராவர். அவர்கள் வகுத்த அளவுத்திட்டம் 1857 முதல் வழக்குக்கு வந்தது. அதில் 0000 என்னும் இலக்கத்தின் விட்டம் 0.46 அங்குலம், 36ஆம் இலக்கத்தின் விட்டம் 0.005 அங்குலம். இவற்றிடையேயுள்ள 39 படிகளும் ஒரு பெருக்கல் விருத்தியாக அமைந்தன. ஒரு படிக்கு விட்டம் 1.123 மடங்கு மாறும். எனவே மூன்று இலக்கம் இறங்கின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். பத்து இலக்கம் இறங்கின் ஏறத்தாழப் பத்து மடங்காகும். பட்டறையின் பழைய இலக்கத்துக்குக் கணிதத்தின் ஒழுங்கு இவ்வாறு வாய்த்தது.

மின்சாரம் எழுப்பிய வினா

1882ஆம் ஆண்டு நியூயோர்க்கின் பேர்ள் வீதியில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்விளக்கு பரவிய அக்காலத்திலே கம்பியை நோக்கி எழும் வினாவும் மாறியது. அது எத்தனை முறை இழுக்கப்பட்டது என்பதன்று, சூடேறாது எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதே முதன்மை பெற்றது. இதற்கு விடை கூறுவது கம்பியின் பரப்பாகும். 0000 இற்கு மேற்பட்ட தடித்த கடத்திகளுக்கு அமெரிக்கரே இலக்கத்தைக் கைவிட்டுப் பரப்பால் அளத்தல் குறிப்பிடத்தக்கது. ஆயினும் அவர்கள் கொண்ட அலகு, அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கை விட்டமாகவுடைய வட்டத்தின் பரப்பாகும்.

மெற்றிக் முறை தொடக்கத்திலேயே சதுர மில்லிமீற்றரைக் கொண்டது. 1906இல் உருவான சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் நியமத்திலுள்ள 1.5, 2.5, 4, 6, 10, 16, 25 என்னும் தொடர் தன்னிச்சையானதன்று. பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளரான சாள்ஸ் றெனாட், 1870களில் வான்கூண்டுகளுக்கான கயிறுகளின் பற்பல அளவுகளைச் சிலவாகக் குறைத்தற்கு ஒரு பெருக்கல் விருத்தியைக் கையாண்டார். ஐந்து படிகளிற் பத்து மடங்காகும் அவரது தொடரையே மேற்கூறிய எண்கள் பெரிதும் ஒத்துள்ளன. அதில் ஒரு படி ஏறத்தாழ 1.6 மடங்காகும்.

இணையாத இரு ஏணிகள்

இங்கு ஓர் அரிய ஒற்றுமை புலனாகின்றது. அமெரிக்க முறையில் இரு இலக்கம் இறங்கினாலும் பரப்பு ஏறத்தாழ 1.6 மடங்காகும். 14, 12, 10, 8, 6 என்னும் இலக்கங்களின் பரப்புகள் முறையே 2.08, 3.31, 5.26, 8.37, 13.3 சதுர மில்லிமீற்றர். படிகளின் இடைவெளி ஒன்றே; தொடங்கிய இடம் மாத்திரமே வேறு. இதனால் ஒவ்வோர் அமெரிக்க அளவும் இரு மெற்றிக் அளவுகளுக்கு இடையில் விழுகின்றது. இவை அருகருகே நிறுத்திய, படிகள் மட்டம் ஒவ்வாத இரு ஏணிகள் எனலாம்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 12ஆம் இலக்கத்துக்கு அண்மையது எனக் கருதி 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியை இடுவோர் நாலிலொரு பங்கு செம்பை இழக்கின்றனர். அதே மின்னோட்டத்தில் தோன்றும் வெப்பம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிகும். அமெரிக்க வழக்கில் 12ஆம் இலக்கத்துக்குரிய 20 அம்பியர்க் காப்பு அக்கம்பிக்குப் பொருந்துமா என்பதைக் காவலியின் தரமும், கம்பி செல்லும் வழியும், சூழலின் வெப்பநிலையுமே தீர்மானிக்கும். சுவரினுள் மறைந்த கம்பி தன் சூட்டை எவர்க்கும் அறிவிப்பதில்லை. ஆதலின் அண்மைய அளவைத் தேடாது அடுத்த பெரிய அளவைக் கொள்வதே பொதுவிதியாகும். 14 இற்கு 2.5, 12 இற்கு 4, 10 இற்கு 6 என்றவாறு இது அமையும்.

மாறாமையின் காரணம்

அமெரிக்கா மெற்றிக் முறையை அறியாத நாடன்று. 1866இல் அது சட்டபூர்வமாக்கப்பட்டது. 1875இல் மீற்றர் உடன்படிக்கையில் அந்நாடு கைச்சாத்திட்டது. 1893 முதல் அதன் அடியும் இறாத்தலும் மெற்றிக் மூலஅளவுகளிலிருந்தே பெறப்பட்டன. 1959இல் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீற்றர் என வரையறுக்கப்பட்டது. ஆகவே 0.46 அங்குலம் என்பதும் அடிப்படையில் 11.684 மில்லிமீற்றரே. எனினும் 1975இன் மெற்றிக் மாற்றச் சட்டம் மாற்றத்தை விருப்புக்குரியதாகவே விட்டது. அதன்வழி அமைந்த சபையும் 1982இற் கலைக்கப்பட்டது. சுவர்களிற் பதிந்த கம்பிகளும், அவற்றுக்கேற்ற இணைப்பிகளும், இலக்கத்தின்மேற் கட்டப்பட்ட மின் விதிகளும் பழைய முறைக்கு அரணாயின.

மாறிய நாடுகளும் இவ்விடர்ப்பாட்டுக்குத் தப்பவில்லை. பிரித்தானியாவில் வழங்கியதும் இலங்கையின் மின்தொழிலாளர் நன்கறிந்ததுமான 7/.029 வடம், .029 அங்குல விட்டமுள்ள ஏழு இழைகளைக் கொண்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 3 சதுர மில்லிமீற்றர். அதன் இடத்தைப் பெற்ற மெற்றிக் வடமோ 2.5 சதுர மில்லிமீற்றராகும். பெயர் மாறியபோது பொருளும் சிறுத்தது.

முடிவாக நோக்குமிடத்து, அமெரிக்க இலக்கம் கம்பியை ஆக்கியோனின் உழைப்பையும், மெற்றிக் எண் அதனைப் பயன்படுத்துவோனின் தேவையையும் கூறுகின்றன. அட்டவணை இவற்றை அருகருகே வைக்கலாம்; சமமாக்க இயலாது. எஞ்சும் இடைவெளியை அறிந்து பெரிய அளவின் பக்கம் சாய்பவனே இவ்வரலாற்றைச் சரியாகக் கற்றவனாவான்.