ஏழாம் நாள் யாருக்கு?

வார விடுமுறையை வீட்டில் இனிதாகக் கழிப்பது எப்படி என்று ஏடுகள் அவ்வப்போது அறிவுரை வழங்குகின்றன. நல்ல நூலொன்று படிக்கலாம். பிள்ளைகளோடு தாயம் ஆடலாம். பழைய திரைப்படம் பார்க்கலாம். உறவினரை அழைத்து விருந்து வைக்கலாம். இவை யாவும் நல்லனவே. ஆயினும், பாலாற்றங்கரையில் தோலோடும் காலணியோடும் வாழும் மக்கள் நடுவே பணியாற்றும் நமக்கு, இவ்வறிவுரைகளைப் படிக்குந்தோறும் ஒரு வினா எழுகிறது. வீட்டிலிருந்து மகிழ்வதற்கென ஒரு நாள் இம்மக்களுக்கு எவ்வாறு கிடைத்தது? அது வீட்டிலுள்ள எல்லாருக்கும் கிடைத்ததா?

ஓய்வு நம் முன்னோர்க்குப் புதிதன்று. அமாவாசையன்று கருவியைத் தொடாத கைவினைஞர் பல ஊர்களில் இருந்தனர், இன்றும் உள்ளனர். பொங்கல், ஊர்த் திருவிழா, சந்தை நாள் என உழைப்பின் தொடரை இடையே அறுக்கும் நாள்களும் இருந்தன. ஆனால் ஏழு நாளுக்கு ஒரு நாள் என்னும் ஒழுங்கு, யூத மரபின் ஓய்வு நாளிலிருந்து வளர்ந்து உலகில் பரவியது. உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 321-ஆம் ஆண்டில், ஞாயிறன்று நீதிமன்றங்களும் நகரத் தொழில்களும் ஓய்ந்திருக்க வேண்டும் என ஆணையிட்டார். உழவர்க்கு மட்டும் விலக்கு அளித்தார்; பயிரின் பருவம் காத்திராது என்பது காரணம். ஓய்வு நாளின் வரலாறு நெடுகிலும் இத்தகைய விலக்குகளைக் காண்கிறோம். ஓய்வு யாருக்குக் கிடைத்தது என்பதோடு, யார் விடுபட்டனர் என்பதையும் கேட்டால்தான் அவ்வரலாறு நமக்கு விளங்கும்.

ஆலைகள் தோன்றியபோது பழைய ஒழுங்கு குலைந்தது. இயந்திரத்திற்கு அமாவாசையும் இல்லை, திருவிழாவும் இல்லை. 1881-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்க்கு மட்டும் மாதத்தில் நான்கு நாள் ஓய்வு தந்தது. எல்லாத் தொழிலாளருக்கும் ஞாயிறு விடுமுறை வேண்டும் என்று 1884-இல் பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிக் குரல் கொடுத்தவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. அவரும் தோழர்களும் விடாது முயன்றதன் பயனாக, 1890-இல் பம்பாய் ஆலை முதலாளிகள் வார விடுமுறைக்கு இசைந்தனர். மறு ஆண்டே, 1891-இல், புதிய தொழிற்சாலைச் சட்டம் அதனை உறுதி செய்தது. அதே 1891 மே 15 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, ஞாயிறு ஓய்வு தொழிலாளியின் உரிமை என்று உலகறிய எடுத்துரைத்தார். பம்பாய்த் தொழிலாளியும் உரோமைத் திருத்தந்தையும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே காலத்தில் ஒன்றையே கேட்டனர் என்பது நம் சிந்தனைக்குரியது.

ஆனால் அச்சட்டம் இயந்திர விசையால் இயங்கிய பெரிய ஆலைகளுக்கே உரியதாயிருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் கையால் நடந்த தோல் பதனிடும் வேலையை அது பெரும்பாலும் தொடவில்லை. அங்குச் சுண்ணாம்புக் குழியில் மயிர் கழிந்த தோல், ஆவாரம்பட்டை ஊறிய நீரில் பல நாள் கிடக்கும்; பின்னர்க் கடுக்காய்ச் சாற்றில் தோயும். ஊறும் தோலுக்கு ஞாயிறு ஏது? யாரேனும் குழியில் இறங்கி அதைப் புரட்டியே ஆக வேண்டும். 321-இல் உழவன் விடுபட்டான். 1891-இல் கைத்தொழிலாளி விடுபட்டான். விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே, இயந்திரமின்றி இயங்கினும் இருபது பேர் உழைக்கும் இடமெல்லாம் தொழிற்சாலை என வரையறுத்து, வாரத்திற்கு 48 மணி நேர வேலையையும் ஒரு நாள் விடுமுறையையும் கட்டாயமாக்கியது.

இவ்வாறு வந்த ஞாயிறு நம் இல்லங்களில் எத்துணை இனிமை சேர்த்தது! காலையில் எண்ணெய் முழுக்கு. நண்பகலில் இறைச்சிக் குழம்பு. வசதி இருப்பின் சீரகச் சம்பாவில் சமைத்த பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்த் தொக்கு. பிற்பகலில் திண்ணையில் தாயக்கட்டம். வானொலிப் பெட்டி உள்ள வீட்டில் தெருவே கூடிற்று. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபின் ஞாயிறு மாலைத் திரைப்படத்திற்காக அயல் வீட்டார் பாயோடு வந்தனர். 1987-88-இல் இராமாயணத் தொடர் ஒளிபரப்பான ஞாயிறு காலைகளில் தெருக்கள் வெறிச்சோடியதை நாமும் கண்டோம். அயலாரோடு கூடியிருந்து பெற்ற அந்த மகிழ்ச்சிக்குச் செலவு மிகக் குறைவு.

இதற்கிடையே நம் பகுதியின் தொழில் மாறியது. 1972-இல் சீத்தாராமையா குழு அளித்த பரிந்துரையை ஒட்டி, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை நடுவண் அரசு படிப்படியாகக் கட்டுப்படுத்தியது. முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் செய்யும் தொழிற்சாலைகள் பெருகின. சிற்றூர்ப் பெண்களைத் தொழிற்சாலைப் பேருந்துகள் வைகறையில் ஏற்றிச் செல்லலாயின. வேலையின் ஒரு பகுதி வீட்டு வாசலுக்கும் வந்தது. ஷூவின் மேற்பகுதியாகிய ‘அப்பரை’க் கையால் தைப்பது வீட்டுப் பெண்களின் வேலையாயிற்று, கூலி ஜோடிக் கணக்கில். குடியாத்தம், வேலூர்ப் பகுதிகளில் பீடி சுற்றும் முறம் முன்னமே வீட்டிற்குள் இருந்தது. தொழிற்சாலைக்குப் பூட்டு உண்டு, ஞாயிறன்று பூட்டிவிடலாம். வீடே தொழிற்சாலையானால் எதைப் பூட்டுவது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு பிற்பகலில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு வீட்டிற்குச் சென்றோம். பெண்கள் அமைப்பின் கூட்டத்திற்கு அவ்வீட்டு அம்மா தொடர்ந்து வராததைக் கண்டிக்க வேண்டும் என்பதே நம் எண்ணம். கணவர் உறங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தனர். அம்மாவோ கதவோரம் அப்பர்களைக் குவித்து வைத்து ஊசி கோத்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் கழுவாத ஏனங்கள் காத்திருந்தன.

“வாங்க சாமி, உக்காருங்க” என்று எழுந்து இடம் தந்தார்.

“ஞாயிற்றுக்கிழமையும் வேலையா அம்மா?” என்றோம்.

“ஞாயித்துக்கெழமன்னா ஊட்டுக்காரருக்கு லீவு, புள்ளங்களுக்கு லீவு. எனக்கு அன்னிக்குத்தான் சாமி ரெண்டு மடங்கு வேல. அதுல நீங்க மூணு மணிக்குக் கூட்டம் வச்சா நான் எப்பிடி வர்றது?”

அவர் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்டிக்கச் சென்ற நாம் நாணித் திரும்பினோம்.

அன்றிரவு விடுதலைப் பயண நூலை எடுத்து ஓய்வு நாள் கட்டளையை மீண்டும் படித்தோம். மகன், மகள், பணியாளன், பணிப்பெண், கால்நடை, அந்நியன் என ஓய்வுக்கு உரியோர் வரிசையாகக் கூறப்படுகின்றனர். அவ்வரிசையில் மனைவி இல்லை! ‘நீ’ என்னும் சொல்லிலேயே அவரும் அடங்குவார் என்பர் விரிவுரையாளர். குருமடத்தில் நாமும் அவ்வாறே கற்றோம், அது தவறன்று. ஆனால் விரிவுரையில் அடங்கிய அந்த அம்மா நம் வீடுகளில் அடங்கினாரா? இணைச்சட்ட நூலோ எகிப்தின் அடிமை வாழ்வை நினைவூட்டி, உன்னைப் போலவே உன் பணியாளரும் இளைப்பாற வேண்டும் என்கிறது. தான் உறங்குவதற்காகப் பிறரை விழித்திருக்கச் செய்வது அந்நூல் கூறும் ஓய்வன்று.

இஃது ஒரு வீட்டின் கதையன்று. நடுவண் அரசு 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்களோ 88 நிமிடமே. வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்போரும் ஏனைய தொழிலாளரைப் போல நடத்தப்பட வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் ஓர் உடன்படிக்கை செய்தது. நம் நாடு அதனை ஏற்று உறுதி செய்யவில்லை.

நாம் செய்ததெல்லாம் சிறிது. கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் பெண்களே குறிக்கட்டும் என்று விட்டோம். ஞாயிறு நண்பகல் சமையலை ஆண்களும் பிள்ளைகளும் ஏற்கலாமே என்று மறையுரையில் கேட்டோம். சிலர் நகைத்தனர், சிலர் செய்தனர். முதல் முறை உப்பு மிகுந்தது என்று ஒருவர் நம்மிடம் வந்து சொன்னார்; ஆனால் மனைவி திண்ணையில் அமர்ந்து உண்டதைத் தாம் அன்றுதான் பார்த்ததாகவும் சொன்னார். வேறு சில வீடுகளில் இன்னும் ஞாயிறன்று ஊசி ஓயவில்லை. ஜோடிக் கூலியால் அரிசி வாங்கும் வீட்டில் ஓய்வைப் பற்றிப் பேசுவது எளிதன்று. ஆங்கே கூலியைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

ஆகவே, வாசக அன்பர்களே, வரும் ஞாயிற்றை வீட்டில் இனிதே கழியுங்கள். நூல் படியுங்கள், தாயம் உருட்டுங்கள், விருந்து சமையுங்கள். அதற்கு முன் ஒரு நொடி வீட்டைச் சுற்றிப் பாருங்கள். இன்னும் உட்காராமல் இருப்பவர் யார்? அவர் கையிலிருப்பதை வாங்கி வைத்துவிட்டு, தாயக்கட்டையை முதலில் அவரிடம் கொடுங்கள்.