அன்னக் கழுத்துத் துப்பாக்கி



எங்கள் எலவனாசூர்கோட்டையை 1757இல் பிரெஞ்சுப் படை பிடித்தது. 1760இல் ஹைதர் அலியின் உதவியை வேண்டி, லாலி எங்கள் ஊரையும் தியாகதுருகத்தையும் மைசூர்க்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். லாலியைப் பற்றிப் பாடம் இருந்தது. எலவனாசூர் என்ற பெயர் அதில் இல்லை. இது பின்னாளில் நானே தேடிப் படித்தது. அப்படிப் படிக்கும்போதுதான் துப்பாக்கிகள் மேல் கவனம் போனது. அதற்கு வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு; பிறகு சொல்கிறேன்.

அந்தக் காலப் போர்களில் வெள்ளைக்காரப் படைகள் பிடித்த துப்பாக்கிகள் கப்பலில் வந்தவை. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு இரும்பில் அடித்துத் தீப்பொறி உண்டாக்கும் பாகத்தை நாம் குதிரை என்கிறோம். பிரெஞ்சுக்காரர் அதை நாய் என்பார்கள், ஆங்கிலேயர் சேவல் என்பார்கள். மூன்று மொழியில் மூன்று பிராணி!

கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரக் கம்பெனி அல்லவா? ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்குத் துப்பாக்கி வேண்டும், செலவும் குறைய வேண்டும். அதனால் 'இந்தியா பேட்டர்ன்' என்று மலிவாக ஒரு துப்பாக்கி செய்யச் சொன்னார்கள். ஆங்கிலேய அரசுப் படையின் துப்பாக்கிக் குழல் 42 அங்குலம், இதற்கு 39தான். பித்தளைப் பாகங்களை எளிமையாக்கினார்கள், மரத்திலும் தரம் குறைத்தார்கள். 1793இல் பிரான்சோடு போர் மூண்டபோது ஆங்கில அரசிடமே துப்பாக்கி போதவில்லை. கம்பெனியின் சரக்கை வாங்கினார்கள். 1797இல் அந்த மலிவு மாதிரியையே தங்கள் படைக்கும் ஏற்றுக்கொண்டார்கள். 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்றவர்கள் கையிலும் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. குதிரையின் கழுத்து அன்னத்தின் கழுத்துபோல வளைந்து மெலிந்திருக்கும். அடித்து அடித்து அந்த இடத்தில் ஒடிந்துவிடும். கழுத்து ஒடிந்தால் துப்பாக்கி வெறும் தடி. 1809இல் அந்தக் கழுத்தை மாற்றி, வளையம் வைத்துக் கெட்டியாக்கினார்கள். மலிவுத் துப்பாக்கிதான், ஆனாலும் குறையைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அந்தத் துப்பாக்கி பிழைத்தது அதனால்தான்.

குழலின் உள்ளே இருக்கும் கோளாறு வாங்குகிறவன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஐரோப்பாவில் அதற்கென்றே சோதனைச் சாலைகள் ஏற்பட்டன. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1672இல், இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813இல். வழக்கத்தைவிட அதிக மருந்து கெட்டித்துச் சுடுவார்கள். வெடித்துச் சிதறாமல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள்.

எல்லாக் குறையும் கவனக்குறைவால் வருவதில்லை. ரைபிள் என்பது குழலுக்குள் சுருள் வரி வெட்டிய துப்பாக்கி. அந்த வரி குண்டைச் சுழலவிடும்; குண்டு தொலைவில் நேராகப் போய்த் தாக்கும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்களுக்கென்று அந்த வரியே இல்லாத மழுங்கல் குழல் துப்பாக்கியை 1858 மாதிரியாகச் செய்தார்கள். வெளித்தோற்றம் என்ஃபீல்டு ரைபிள் போலவே இருக்கும். குறையை வேண்டுமென்றே வைத்தார்கள்.

இப்போது வீட்டுக் கதை. என் பெரியப்பாவுக்குக் கல்வராயன் மலை அடிவாரத்தில் நிலம். மணிலா போட்டால் காட்டுப்பன்றி விடாது. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கி, மதராஸில் ஒரு கடையில் வெளிநாட்டு ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்தார். "பாதி விலைக்குத் தட்டிக்கிட்டு வந்தேன்டா" என்று பெருமையாகச் சொன்னார். குழலில் முத்திரைகூட இருந்தது. ஆனால் கீல் ஆணி மட்டமான இரும்பு. இரண்டு மழைக்காலத்தில் ஆட்டம் கொடுத்தது. குழல் பின்பக்கத்தோடு சேரும் இடத்தில் விரல் நகம் நுழையும் இடைவெளி. "பாத்துக்கலாம்" என்றே நாள் ஓட்டினார். ஒரு ராத்திரி சுட்டபோது, முன்னால் போக வேண்டிய நெருப்பு பின்னால் பீறிட்டு வலது கண்ணில் அடித்தது. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவே இல்லை.

பல வருஷம் கழித்து, நான் வேலை பார்த்த ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் பதிவேடு என் மேசைக்கு வந்தது. பெரியப்பாவின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். பெயர், முகவரி, துப்பாக்கி எண், தோட்டா எத்தனை, புதுப்பித்த தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன. துப்பாக்கி எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத மட்டும் ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை நானும் யாரையும் கேட்டதில்லை. வந்ததைப் பதிந்து கையெழுத்துக்கு வைத்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

மலிவு குற்றமில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். கம்பெனியின் மலிவுத் துப்பாக்கியை யாரோ பார்த்தார்கள், கழுத்தைக் கெட்டியாக்கினார்கள். பெரியப்பாவின் துப்பாக்கியை விற்றவர் பார்க்கவில்லை, வாங்கியவர் பார்க்கவில்லை, பதிந்தவர்களும் பார்க்கவில்லை. முத்திரை என்பது பட்டறையை விட்டுப் புறப்பட்ட நாளுக்கு மட்டுமே சாட்சி.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பேரப்பிள்ளைகளோடு போனால், பழைய துப்பாக்கிகளின் குதிரைக் கழுத்தைக் காட்டுங்கள். அன்னமா, வளையமா என்று அவர்களே சொல்லட்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு துப்பாக்கிக் கதை இருந்தால் எழுதுங்கள்.