மண்ணின் வெப்பமும் அழுங்கின் வளையும்

திருவனந்தபுரத்து வலியசாலை என்றதும் சரித்திரம் பயின்ற தமிழர் நெஞ்சில் எழுவது காந்தளூர்ச் சாலையே. இராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெற்ற அந்த வித்தியாஸ்தானம் இங்கேதான் இருந்ததென்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். இவ்வூர் மகாதேவர் ஆலயமும் அப்பெயரை இன்றளவும் தாங்கி நிற்கிறது. ஆயினும் இதே நகரத்துக் குன்றொன்றின்மேல், 1837-ஆம் ஆண்டில், சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் எழுந்த வானசாஸ்திர நிலையம் செய்த பணியை நம்மவர் அவ்வளவாக நினைப்பதில்லை.

ஆலப்புழையில் திருவிதாங்கூரின் வர்த்தகப் பிரதிநிதியாயிருந்து, பின் அந்நிலையத்தின் முதல் தலைவரான ஜான் கால்டிகாட், விண்ணை நோக்கியதோடு அமையாமல், 1842 முதல் 1845 வரை, வெப்பமானிகளை மண்ணுக்குள் வெவ்வேறு ஆழங்களில் புதைத்து, பூமியின் உள்வெப்பத்தைப் பொறுமையோடு குறித்து வந்தார். பகலின் கொடுமையும் இரவின் குளிர்ச்சியும் சில அடிக்குக் கீழே செல்லச்செல்ல அடங்கிவிடும் என்பது இத்தகைய அளவைகளால் தெளிவாகும் உண்மை.

அந்த உண்மையை நம்பியே உயிர்வாழும் பிராணி அழுங்கு. மலையாளத்தில் ஈனாம்பேச்சி எனப்படும் இது, உடல்மேல் செதில் போர்த்து, பல்லின்றி, நீண்ட நாவொன்றையே கருவியாகக் கொண்டு, பகலெல்லாம் வளையில் உறங்கி, இரவில் எறும்பையும் கறையானையும் தேடி உண்பது. வளை வெயிலைத் தடுக்கும், பசியைத் தடுக்காது.

இதன் பொருளை ஆப்பிரிக்கா நமக்குக் காட்டியிருக்கிறது. குலத்தால் அழுங்கோடு உறவில்லாவிடினும் தொழிலால் ஒத்த ஆர்ட்வார்க் என்னும் பிராணிகள் ஆறின் உடலுக்குள், தென்னாப்பிரிக்க விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தார் வெப்பம் பதியும் சிறு கருவிகளைப் பொருத்தியிருந்தனர். 2012-13 கோடையில் கலகாரியில் மழை பொய்த்தது; புல் கருகிற்று; புல்லை உண்ணும் கறையானும் அருகிற்று. உணவிழந்த அவ்விலங்குகள் உடற்சூட்டைக் காக்க இயலாமல், இரவைத் துறந்து பகலில் இரை தேடியலைந்து, ஆறில் ஐந்து மடிந்தன. வெயில் நேரே கொன்றதன்று. வறட்சி உணவின் வழியாகக் கொன்றது.

நம் நாட்டு அழுங்குக்கோ இத்தகைய கணக்கு எழுதப்பட்டிலது. மூலநோய்க்கு மருந்தென்று அதன் செதிலை மோதிரமாக்கி அணிந்த தென்னாட்டு வழக்கமும், கடல்கடந்த கள்ள வியாபாரமுமே அதன் சரித்திரத்தைப் பெரிதும் எழுதின. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு அரண். 2016-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் கூடிய சர்வதேச வனவுயிர் வர்த்தக உடன்படிக்கை (CITES) மாநாடு அழுங்கினங்கள் அனைத்தின் சர்வதேச வர்த்தகத்தையும் தடுக்கத் தீர்மானித்தது. ஆனால் வேடனைத் தடுக்கும் சட்டம் வறட்சியைத் தடுக்காது.

திருவனந்தபுரத்தை அடுத்த அகஸ்தியமலைச் சாரலில் அழுங்கின் வளைகளருகே மண்ணின் வெப்பத்தையும் ஈரத்தையும், கறையானின் பெருக்கத்தையும் ஆண்டுதோறும் அளந்து வைப்போமாயின், எந்த வருஷம் அதற்குப் பஞ்சம் நேரும் என்பதை முன்னரே அறிந்து, அதன் காட்டைத் தீயினின்றும் மேய்ச்சலினின்றும் காக்கலாம். மண்ணுக்குள் வெப்பமானி புதைத்த நகரத்துக்கு இது புதிய தர்மமன்று. 1845-இல் நின்றுபோன கடமையின் தொடர்ச்சியே.