கூலிக்கு ஒரு கொப்பி



போன கிழமை தரம் 10 பிள்ளை ஒருத்தர் வகுப்பு முடிஞ்ச பிறகு வந்து கேட்டார். "சேர், வாப்பாவ மூணு நாள் மேசன் வேலைக்கு கூட்டிப் போய்ட்டு காசு குடுக்கல்ல. அந்த ஆள்ட பேரும் தெரியா. யார்ட்ட போய்க் கேக்கிற?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் எப்போதோ வாசித்த லொஸ் ஏஞ்சலஸ் கதை ஞாபகம் வந்தது.

அங்கேயும் விடியக்காலையில் தெருமுனைகளிலும் பெரிய ஹாட்வெயார் கடை வாசல்களிலும் ஆட்கள் நிற்பார்கள். பெரும்பாலும் மெக்சிகோ, குவாத்தமாலா பக்கமிருந்து போனவர்கள். பலரிடம் விசாவும் இல்லை. வாகனம் வரும், ஆளை ஏற்றும். பின்னேரம் காசு கையில் வந்தால்தான் நிச்சயம். 2006இல் வெளியான ஆய்வொன்றின்படி, அமெரிக்கா முழுவதும் ஒரு நாளில் இப்படி வேலை தேடி நின்றோரும் வேலை செய்தோரும் சுமார் 117,600 பேர். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ஒரு தடவையாவது கூலி கிடைக்கவில்லை.

ஆனால் நகரசபைகளின் கண்ணில் பட்டது கூலி அல்ல, கூட்டம். பக்கத்து ரெடொண்டோ பீச் நகரம் 1987இல் தெருவில் நின்று வாகனக்காரரிடம் வேலை கேட்பதையே தடை செய்தது. 2004இல் பொலிஸார் வேலை கொடுப்பவர்கள் போல வந்து, ஏறவந்தவர்களைக் கைது செய்தார்கள். (கூலி கொடுக்காதவனைப் பிடிக்க யாரும் வேஷம் போடவில்லை.) தொழிலாளர்களே வழக்குப் போட்டார்கள். 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அது பேச்சுச் சுதந்திரத்துக்கு முரண் என்று அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது.

லொஸ் ஏஞ்சலஸ் நகரம் வேறு வழியில் போனது. 1989இல் ஹார்பர் சிட்டியில் கூலியாட்களுக்கென்று ஒரு நிலையம் திறந்தது. பிறகு இப்படிப் பல இடங்களில் வந்தன. 2006இல் நாடு முழுக்க 63. பெரிய மாளிகை ஒன்றுமில்லை. நிழல், தண்ணீர், கழிப்பறை, வாங்கு. காலையில் பேர் எழுத வேண்டும். யார் முதலில் போவதென்பதைப் பட்டியலோ சீட்டுக் குலுக்கலோ தீர்மானிக்கும். இந்தத் தொகைக்குக் குறைய யாரும் போவதில்லை என்று தொழிலாளர்களே கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். கூட்டிப் போகிறவரின் பேரும் வாகன இலக்கமும் கொப்பியில் ஏறும். காசு வராவிட்டால் நிலையத்து ஆட்கள் அதை வைத்துத் தேடிப் போவார்கள்.

எல்லோரும் அங்கே போனார்கள் என்றில்லை. வாகனம் முதலில் வருவது தெருமுனைக்குத்தானே என்று வெளியே நின்றவர்களே அதிகம். பசிக்காரனுக்கு வரிசை கஷ்டம்.

அந்தப் பிள்ளையின் வாப்பாவுக்கு இந்தக் கதையால் மூன்று நாள் கூலி வரப்போவதில்லை. ஆனாலும் கேட்கிறேன்: எங்கட சந்தியில் காலையில் ஒரு மணித்தியாலம் இருந்து வாகன நம்பர் எழுத யாராவது இருக்கிறீங்களா? கொப்பி நான் தாறன்.