லீவுக்குப் போன படகு

இன்னைக்கு ஒரு லீவு கதையில் ஆரம்பிக்கலாம். முடிவு மட்டும் லீவு மாதிரி இருக்காது, அதை முன்னாடியே சொல்லிடறேன்.

வருஷம் 1897. லண்டனில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவை அலுவலகத்தில் எர்ஸ்கின் சில்டர்ஸ்னு ஒரு கிளார்க். வயசு 27. சபை கூடாத மாதங்களில் அவருக்கு நீண்ட விடுமுறை கிடைக்கும். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் பெரிய யாட் வைத்திருப்பார்கள். அதை ஓட்டுவதற்குச் சம்பளத்துக்கு மாலுமிகள் இருப்பார்கள். முதலாளி மேல்தளத்தில் உட்கார்ந்து காற்று வாங்குவார். சில்டர்ஸ் அந்த ரகம் இல்லை. ஒரு பழைய உயிர்காப்புப் படகைப் பாய்மரப் படகாக மாற்றி வைத்திருந்தார்கள், அதை வாங்கினார். பேரு விக்சன். நீளம் 30 அடிதான். பாய் ஏற்றுவது, சமைப்பது, நங்கூரம் இழுப்பது எல்லாமே அவரும் கூட வருபவரும்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் சகோதரர் ஹென்றியும் சேர்ந்துகொள்ள, ஜெர்மனியின் வடகடல் கரை வழியாக பால்டிக் கடல் வரை போனார்கள். இந்தக் கதைக்கு முக்கியமான இடம் வழியில் வருகிற ஃப்ரீசியன் தீவுகள்.

அந்தக் கரையைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. போர்க்கும், நார்டர்னி, வாங்கரோகனு வரிசையாகச் சின்னச் சின்னத் தீவுகள். தீவுகளுக்கும் கரைக்கும் நடுவில் ஆழமில்லாத கடல். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் உள்வாங்கும். அப்போ கண்ணுக்கெட்டின வரைக்கும் மணலும் சேறும்தான். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் திரும்பவும் தண்ணீர். நடுவில் போகிற கால்வாய்களுக்கு அடையாளம், மணலில் நட்டு வைத்த குச்சிகள்தான். மணல் நகர்ந்தால் கால்வாயும் இடம் மாறும்.

பெரிய கப்பல் இதுக்குள்ள வரவே முடியாது. விக்சனில் அடிப்பலகையை மேலே தூக்கிக்கொள்ளலாம், அதனால் அது வரும். கடல் வற்றும்போது அப்படியே மணலில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் கழியை விட்டு ஆழம் பார்த்து, தண்ணீரின் நிறம் பார்த்து, கடிகாரமும் பார்த்துத்தான் நகரணும். கணக்குத் தப்பினால் அடுத்த ஏற்றம் வரை காத்திருக்க வேண்டியதுதான். காற்றும் சேர்ந்துகொண்டால் படகு உடையும். வெறும் வரைபடத்தை வைத்து இந்த அறிவு வராது. கையும் கண்ணும் பழகணும்.

அந்தப் பயணத்தின் நாட்குறிப்பு ஒரு நாவலுக்கு விதையாச்சு. 1903இல் 'தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்' வெளிவந்தது. லீவுக்குப் படகில் போன இரண்டு ஆங்கிலேயர்கள், இந்தத் தீவுகளுக்குப் பின்னால் ஜெர்மனி ரகசியமாக இங்கிலாந்து மீது படையெடுக்கத் தயாராவதைக் கண்டுபிடிக்கிறார்கள். இதுதான் கதை. கதை கற்பனை, ஆனால் மணல்திட்டுகள் நிஜம். புத்தகம் பரபரப்பாக விற்றது. 1910இல் பிராண்டன், டிரெஞ்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் விடுமுறைப் பயணிகள் போல இதே கரைக்குப் போய், உளவு பார்த்ததாகக் கைதானார்கள். ஆளுக்கு நான்கு வருஷம் கோட்டைச் சிறை. 1913இல்தான் விடுதலை.

சில்டர்ஸ் அப்போது மாறிக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்கப் போருக்குத் தானாக முன்வந்து போன சாம்ராஜ்ய விசுவாசிதான் அவர். கொஞ்சம் கொஞ்சமாக அயர்லாந்து தன்னாட்சியின் பக்கம் வந்தார். 1914 ஜூலையில் அவரும் மனைவி மோலியும் 'அஸ்கார்ட்' என்ற 51 அடிப் பாய்மரப் படகில் கிளம்பினார்கள். திருமணப் பரிசாக மோலியின் பெற்றோர் கொடுத்த படகு அது. நடுக்கடலில் ஒரு ஜெர்மன் இழுவைக் கப்பலிலிருந்து 900 துப்பாக்கிகளை ஏற்றிக்கொண்டார்கள். படகில் கால் வைக்க இடமில்லை. துப்பாக்கிகள் மேலேயே மெத்தை போட்டுத் தூங்கினார்கள். ஜூலை 26 அன்று டப்ளின் பக்கத்தில் ஹௌத் துறைமுகத்தில் அவற்றை இறக்கி, ஐரிஷ் தொண்டர் படையிடம் கொடுத்தார்கள்.

சரியாக ஒன்பதாவது நாள், ஆகஸ்ட் 4. பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. அதே மாதம் சில்டர்ஸ் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார்! கடல்விமானங்களைச் சுமக்கும் எங்கடைன் கப்பலில் வேலை. அந்தக் கப்பல், டிசம்பர் 25 அன்று ஜெர்மன் கரையில் குக்ஸ்ஹாஃபன் மீது நடந்த தாக்குதலில் பங்கெடுத்தது. லீவில் சம்பாதித்த அறிவு இப்போ ராணுவத்தின் சொத்து.

இதை இரட்டை வேஷம்னு சொல்லலாமா? அப்போதே பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோணலை. பெல்ஜியம் மாதிரி ஒரு சின்ன நாட்டுக்காக என்று சொல்லி நடந்த போர் அது. அயர்லாந்தும் சின்ன நாடுதானே என்பது அவர் வாதம். ஆனால் இரண்டு பக்கத்திலும் உழைத்தவரை இரண்டு பக்கமும் நம்பாது. பிரிட்டனுக்கு அவர் துரோகி. அயர்லாந்தில் பலருக்கு அவர் கடைசி வரை இங்கிலீஷ்காரர்.

1921இல் பிரிட்டனுடன் பேசப் போன ஐரிஷ் குழுவுக்கு அவர் செயலர். வந்த ஒப்பந்தத்தை எதிர்த்தார். உள்நாட்டுப் போர் வெடித்தது. 1922 நவம்பரில் ஐரிஷ் அரசே அவரைப் பிடித்தது. குற்றம்: அனுமதியில்லாமல் ஒரு சின்னக் கைத்துப்பாக்கி வைத்திருந்தது. அதை அவருக்குப் பரிசாகக் கொடுத்தவர் மைக்கேல் காலின்ஸ், அதே அரசின் தலைவராக இருந்து மூன்று மாதம் முன்னால் கொல்லப்பட்டவர். மேல்முறையீடு முடியும் முன்பே, நவம்பர் 24 அன்று சில்டர்ஸைச் சுட்டுக் கொன்றார்கள். சுடப்போகிற வீரர்கள் ஒவ்வொருவரிடமும் அவர் கைகுலுக்கினார். தன் சாவுக்குக் காரணமானவர்களிடம் நீயும் கைகுலுக்கணும்னு 16 வயது மகனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அந்த மகன் 1973இல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவரானார்.

அஸ்கார்ட் இன்னைக்கும் டப்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கு. அந்தக் கட்டடம் ஒரு பழைய ராணுவ முகாம். பேரு காலின்ஸ் பாரக்ஸ். துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்தவரின் பெயர் வாசலில், அதை வாங்கிக்கொண்டவரின் படகு உள்ளே. டப்ளின் போனால் பார்த்துட்டு வாங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.